ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் திறனறித் தேர்வும்: வீட்டில் செய்ய வேண்டியவை

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையிடம் மாதிரி வினாத்தாளைக் கொடுத்தேன். ‘ஒரு கூடையில் 48 சீத்தாப்பழங்கள் உள்ளன. அவற்றை 6 பேருக்குச் சமமாகப் பகிர்ந்தளித்தால் ஒருவருக்கு எத்தனை பழங்கள் கிடைக்கும்?’ கீழே நான்கு விடைகள்: 8, 42, 54, 288. அவள் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். ‘பகிர்ந்தளித்தால்’ என்ற இடத்தில் நின்றாள். பிறகு அதைத் தாண்டிப் போய் 54-இல் வட்டம் போட்டாள்.

தாளை மடித்து வைத்துவிட்டு வாயால் கேட்டேன். “கண்ணு, வீட்டுல ஆறு பேரு இருக்கீங்க. நாப்பத்தெட்டு சீத்தாப்பழம் வந்துச்சு. பங்கு போட்டா ஆளுக்கு எத்தனை?”

“எட்டு” என்றாள் உடனே.

கணக்கு அவளுக்குத் தெரியும். கேள்வியில் இருந்த சொல்தான் தெரியவில்லை. மலையில் நான் பார்த்த பிள்ளைகள் பலருக்கும் இதுதான் நிலைமை. தேர்வுக்குத் தயார் செய்வது என்றால் டவுனில் டியூஷன் வைப்பது என்று பெற்றோர் நினைத்துக்கொண்டு, நம்மால் முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பாட்டியும்கூடச் செய்யலாம்.

1. முதலில் எந்தத் தேர்வு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு என்று பள்ளியில் சொன்னதும் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிப் பயப்படாதீர்கள். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, அரசு தன் பள்ளிகளில் கற்பித்தல் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக வைக்கும் அடைவுத் தேர்வு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நடத்திய ‘ஸ்லாஸ்’ அப்படிப்பட்டது. 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நடந்த ‘பராக்’ ஆய்வும் அப்படித்தான். இவற்றில் உங்கள் பிள்ளை பாஸா ஃபெயிலா என்ற பேச்சே கிடையாது. இதற்காகப் பிள்ளையை மிரட்டுவது வீண். இன்னொரு வகை, பிள்ளைக்கு நேரடியாகப் பலன் தரும் தேர்வு. ஐந்தாம் வகுப்பு முடித்து, பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளியில் சேர எழுதும் நுழைவுத் தேர்வும், எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வும் இந்த வகை. இவற்றுக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். முதல் வகையில் பயப்படாமல் எழுதிப் பழகிய பிள்ளைக்கு இரண்டாவது வகை கைவரும்.

2. தினமும் இருபது நிமிடம் வாய்விட்டுப் படிக்க வையுங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், மற்றதை விட்டுவிடலாம். தமிழ்த் தேர்வோ, கணக்கோ, சூழ்நிலையியலோ, எல்லாம் முதலில் வாசிப்புத் தேர்வுதான். பாடப் புத்தகம் மட்டும் போதாது. அதைப் பிள்ளை மனப்பாடமாகவே சொல்லிவிடும், நாம் படிக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பள்ளியில் ‘வாசிப்பு இயக்கம்’ புத்தகங்கள் இருக்கின்றன. ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாகப் பிரித்து, மெல்லிய சின்னச் சின்னக் கதைகளாகப் போட்டிருக்கிறார்கள். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் பள்ளிகளுக்கு வருகின்றன. ஆசிரியரிடம் கேட்டு ஒன்றிரண்டு வீட்டுக்கு வாங்கி வரச் சொல்லுங்கள். எண்ணெய்க் கை பட்டுவிடும், கிழிந்துவிடும் என்று பரணில் வைக்க வேண்டாம். புத்தகம் கிழிந்தால் பிள்ளை படித்திருக்கிறது என்று அர்த்தம்.

3. படிக்கத் தெரியாத பாட்டியே நல்ல ஆசிரியை. பெற்றோர் கர்நாடகத்துக்கோ கேரளத்துக்கோ தோட்ட வேலைக்குப் போய்விட, பாட்டி தாத்தாவிடம் வளரும் பிள்ளைகள் இந்த மலையில் ஏராளம். பாட்டி செய்ய வேண்டியது இவ்வளவுதான்: “என்னா படிச்ச, எனக்குச் சொல்லு.” பிள்ளை ஒரு பத்தியைப் படித்துவிட்டுத் தன் வாய்மொழியில் கதையாகச் சொல்லட்டும். இடையில் பாட்டி, “ஏன் அப்புடிச் செஞ்சான்?”, “அப்புறம்?” என்று கேட்கட்டும். தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து அதன் கீழே கேட்கும் நான்கு கேள்விகளும் இந்த இரண்டு கேள்விகளின் வேறு வேறு உருவம்தான்.

4. கேள்விச் சொற்களுக்கு ஒரு சுவர்த் தாள் ஒட்டுங்கள். வீட்டில் நாம் பேசும் தமிழ் வேறு, வினாத்தாளில் வரும் தமிழ் வேறு. வீட்டுப் பேச்சு குறைந்தது இல்லை. அதைத் திருத்தவே வேண்டாம். பக்கத்திலேயே புத்தகச் சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறம் இரண்டு பத்தியாக எழுதுங்கள்:

பகிர்ந்தளித்தல்: பங்கு போடுறது
வேறுபாடு: எது எவ்வளவு கூட, எவ்வளவு கம்மி
மீதம்: மிச்சம்
ஏறுவரிசை: சின்னதிலிருந்து பெருசு
இறங்குவரிசை: பெருசிலிருந்து சின்னது
பொருந்தாதது: கூட்டத்துல சேராதது
தவறான கூற்று: இதுல எது பொய்யி
தோராயமாக: ஏறக்குறைய

வாரம் ஐந்து சொல் போதும். ‘பொருந்தாதது எது’, ‘தவறானது எது’ என்று திருப்பிக் கேட்கும் கேள்விகளில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளையும் சறுக்குகிறது. சரியான வாக்கியத்தைக் கண்டதும் சந்தோஷத்தில் வட்டம் போட்டுவிடும். அந்தச் சொல்லின் அடியில் முதலில் ஒரு கோடு போடப் பழக்குங்கள்.

5. கணக்குக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டாம். சாமை அளக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உங்கள் வீட்டு மரக்காலுக்கு எத்தனை படி, ஒரு மூட்டைக்கு எத்தனை மரக்கால் என்று அதுவே அளந்து எழுதட்டும். இந்த அளவு ஊருக்கு ஊர் மாறும். அதனால் கிலோவிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புளி கிலோ 90 ரூபாய் என்றால் மூன்றரைக் கிலோ எவ்வளவு? 315 என்று பிள்ளை சொன்னால், “எப்படிப் போட்ட?” என்று கேளுங்கள். மூன்று கிலோவுக்கு 270, அரைக் கிலோவுக்கு 45 என்று பிரித்துச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் பின்னம் புரிந்துவிட்டது. தேன் பாட்டில் மில்லி லிட்டருக்கும், பலாச்சுளை எண்ணுவது பெருக்கலுக்கும், பஸ் டிக்கெட் கூட்டலுக்கும், பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் போய்ச் சேரும் நேரமும் கடிகாரக் கணக்குக்கும் உதவும். வாயால் போட்ட கணக்கை அன்றே நோட்டில் எழுத வையுங்கள். வாயில் தெரிந்தது தாளில் வராமல் போவதுதான் இங்கே பெரிய சிக்கல்.

6. தப்பு விடைகள் எப்படி வந்தன என்று பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன சீத்தாப்பழக் கணக்கையே பாருங்கள். 54 என்பது 48-ஐயும் 6-ஐயும் கூட்டியது. 42 கழித்தது. 288 பெருக்கியது. கேள்வியைச் சரியாகப் படிக்காத பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் அங்கே ஒரு விடை காத்திருக்கும்படி வைத்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைக்கு ஒருமுறை காட்டிவிட்டால் போதும், ‘நான் போட்டது விடைப் பட்டியலில் இருக்கிறதே, அப்போது சரிதான்’ என்ற நினைப்பு போய்விடும். அடுத்த நாள் ஒரு வேலை கொடுங்கள்: பிள்ளையே ஒரு கேள்வி எழுதி, ஒரு சரியான விடையும் மூன்று தப்பு விடையும் வைக்கட்டும். தம்பியை ஏமாற்ற வைக்கும் பொறி என்றால் எந்தப் பிள்ளையும் உற்சாகமாகச் செய்யும். பத்து கேள்வி இப்படித் தயாரித்த பிள்ளை பிறகு யார் வைத்த பொறியிலும் அவ்வளவு சுலபமாக விழாது.

7. வட்டத்தை நிரப்பவும் பயிற்சி வேண்டும். ஓ.எம்.ஆர். தாள் என்பது விடையை எழுதாமல், சின்ன வட்டத்தைக் கறுப்பாக நிரப்பும் தாள். அதை முதல்முறை தேர்வு அறையிலேயே பார்க்கும் பிள்ளை பதறிவிடும். பத்து பைசா அகல வட்டங்களாக நான்கு நான்காக வீட்டில் வரைந்து கொடுங்கள், நாள் போகப் போகச் சிறிதாக்குங்கள். வட்டத்துக்கு வெளியே மை போகக் கூடாது, அரைகுறையாகவும் விடக் கூடாது, ஒரு கேள்விக்கு இரண்டு வட்டம் கூடாது. பென்சிலை அழுத்தித் தேய்த்துத் தாளை ஓட்டை போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பேனாவை லேசாகப் பிடித்து, ஓரத்தில் சுற்றி, நடுவுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் வட்டத்திலும் ஒரு வரிசையை விட வேண்டும். பாதித் தாளுக்கு மேல் எல்லா விடையும் ஒரு வரிசை தள்ளிப் போய்விடுவது இதில்தான். ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கப் பழக்குங்கள்.

8. பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருப்பது அவமானம் இல்லை. தெரியாமல் ஐந்தாம் வகுப்புவரை போய்விடுவதுதான் கெடுதல். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் கொடுத்துப் பயனில்லை. முதலில் வாசிப்பைச் சரி செய்யுங்கள்.

9. புளி உலுக்கும் நாட்களில் பள்ளியை நிறுத்தாதீர்கள். தை, மாசி, பங்குனி மாதங்களில் மரம் உலுக்கவும் ஓடு உடைக்கவும் கை வேண்டியிருக்கிறது. அது எனக்கும் தெரியும், வீட்டு வருமானம் அதில்தான். ஆனால் முக்கியத் தேர்வுகள் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே வருகின்றன. பள்ளி விட்டு வந்த பிறகு ஒரு மணி நேரம் புளி உடைக்கட்டும், தப்பில்லை. பகலில் பள்ளியில் இருக்கட்டும். வெளியூர் வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள் என்றால் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, பிள்ளையைப் பாட்டி வீட்டிலோ விடுதியிலோ விட்டுப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

10. கண்ணைப் பரிசோதியுங்கள். கவனமில்லாத பிள்ளை என்று நாம் திட்டும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். முற்றத்தில் நிறுத்தி, எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டர் தேதியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகக் கிடைக்கும். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் வேண்டாம் என்று தடுக்காதீர்கள். சோகை பிடித்த பிள்ளை பதினொரு மணிக்கே சோர்ந்துவிடும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அந்தச் சாப்பாடு கிடைக்கும் நேரத்துக்குப் பிள்ளை பள்ளியில் இருக்கும்படி அனுப்புங்கள்.

11. சூழ்நிலையியலுக்கு மலையே புத்தகம். கடுக்காய், நெல்லி, மிளகு, சாமை என்று பாடத்தில் வருவதைக் கையில் தொட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். பீமன் அருவிக்குப் போனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பேசுங்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் அங்கே நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அன்று ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதில் காவலூருக்கும் பங்கு இருந்தது. நம் மலையில் இருந்துதான் இது நடந்தது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அனுமதி நாள் விசாரித்துக் கூட்டிப் போங்கள்.

12. ஏகலைவாவுக்கு முயல்வதாக இருந்தால் சாதிச் சான்றிதழை நான்காம் வகுப்பிலேயே வாங்கி வையுங்கள். ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடப்பது. நம் மலையில் அத்திப்பட்டில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் 30 ஆண், 30 பெண் என 60 பேருக்கு இடம். தேர்வில் தேறிவிட்டு, சான்றிதழ் இல்லாமல் இடம் போன பிள்ளையின் தாய் என் முன்னால் அழுதிருக்கிறார். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் தர வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் சீக்கிரம் வாங்கிவிடும் சான்றிதழ் போல இல்லை, விசாரணை நடக்கும், மாதங்கள் ஆகலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பிள்ளையின் பெயரும் தகப்பன் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைய வைக்கும்.

13. என்.எம்.எம்.எஸ். தேர்வைத் தவற விடாதீர்கள். எட்டாம் வகுப்பில் எழுதுவது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 50 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, பாடப் பகுதியில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை, அதனால் ஒரு வட்டத்தையும் காலியாக விடக் கூடாது. பாடப் பகுதியில் ஏழாம் வகுப்புப் பாடமும் வரும். பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய வினாத்தாள்களை ஜமுனாமரத்தூருக்குப் போகும்போது சிக்னல் கிடைக்கும் இடத்தில் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முக்கியம்: உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மத்திய அரசின் விதிப்படி இந்த உதவித்தொகைக்குத் தகுதி பெறுவதில்லை. ஊர்ப் பள்ளியா, உண்டு உறைவிடப் பள்ளியா என்று முடிவெடுக்கும்போதே இதையும் தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்.

14. மலையிறங்கிப் போய் எழுத வேண்டியிருந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். தேர்வு மையம் போளூரிலோ செங்கத்திலோ திருவண்ணாமலையிலோ விழுந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்குவதற்குள் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடும். அந்தத் தலைச்சுற்றலோடு போய் உட்கார்ந்தால் தெரிந்ததும் மறந்துபோகும். உறவினர் வீட்டில் தங்க வழியில்லாமல் அன்றே கிளம்புவதானால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். முன் பக்க ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள். ஹால் டிக்கெட், இரண்டு கறுப்பு பால்பாயிண்ட் பேனா, தண்ணீர், ஒரு ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒரே பையில் முந்தின இரவே எடுத்து வையுங்கள்.

15. பெண் பிள்ளையின் தேர்வை இரண்டாம்பட்சமாக்காதீர்கள். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டாம் நாளே 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் பயணம் செய்து சென்னைக்குப் போய் சிவில் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோது அவருக்கு வயது 23. மலையாளிப் பழங்குடிப் பெண். குழந்தையைப் பெற்ற கையோடு கிளம்பிய அவரை ‘இந்த நிலையில் எதுக்கு’ என்று தடுக்காமல் அழைத்துப் போன குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை இது, நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கதையும் இதுதான்.

16. தேர்வு முடிந்து வந்த பிள்ளையிடம் “எத்தனை தப்பு?” என்று கேட்காதீர்கள். “எந்தக் கேள்வி நல்லா இருந்துச்சு?” என்று கேளுங்கள். பிள்ளையே நினைவில் இருக்கும் கேள்வியைச் சொல்லும், எங்கே தடுமாறியது என்றும் தானாகச் சொல்லிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த தேர்வைப் பற்றி அது உங்களிடம் வாயே திறக்காது.

17. இது பெற்றோருக்கு இல்லை, மலையில் பிளஸ் டூவும் கல்லூரியும் முடித்துவிட்டு ஊரில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. உங்கள் தெருவில் மூன்றாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். சாயங்காலம் அரை மணி நேரம் உங்கள் திண்ணையில் உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு பத்தி படிக்கட்டும், ஆளுக்கு இரண்டு கேள்வி போடட்டும். வினாத்தாளில் வரும் தமிழும் உங்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சும் உங்களுக்குத் தெரியும். கீழே இருந்து வருகிற எவருக்கும் இந்த இரண்டும் சேர்ந்து தெரியாது. இன்று சாயங்காலமே தொடங்குங்கள்.